நின்ற தண்ணீர்

வலது கையில் மூன்று விரல், விலை நாற்பதாயிரம். ஆள்காட்டி விரலுக்கு இவ்வளவு, நடுவிரலுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. மூன்றையும் ஒரே கூறாகக் கட்டி மொத்த விலையாகச் சொன்னார் உல்லாசப் படகுக் கம்பெனியின் மேனேஜர்.

கூறு வைக்கும் வித்தை நண்டுக்காரிக்குத் தெரியாததல்ல. பொடிமீனைக் கூறு வைக்கும்போது பளபளப்பானதில் நாலை மேலே பரப்பி, வயிறு வெடித்ததை அடியில் தள்ளுவதுதான் சந்தையில் நடப்பது. மேனேஜரும் அதையே செய்தார். நாற்பதாயிரத்தை மேலே வைத்தார். அடியில் ஒரு தாளை வைத்திருந்தார்.

அவர்கள் வீடு என்பது அவள் கணவரின் தையல் கடைக்குப் பின்னால், ஒரு திரைச்சீலைக்கு அப்பால் இருக்கும் ஒன்றரை அறை. மேனேஜர் உட்காரவேண்டுமே என்று தையல்காரர், பொத்தானுக்காகக் காத்திருந்த பள்ளிக்கூடச் சட்டைகளை நாற்காலியிலிருந்து வாரிக் கட்டிலின் கால்மாட்டில் போட்டார். கட்டிலில் நண்டுக்காரி சாய்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை இரண்டு தலையணைகளின் மேல், கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைப் போலத் தனி ஆசனத்தில் இருந்தது. மேனேஜர் ஆறு ஆப்பிள் கொண்டு வந்திருந்தார். "விரலுக்கு ரெண்டு" என்று நாத்தனார் முணுமுணுத்தது அறையில் எல்லோருக்கும் கேட்டது. நாத்தனார் தையல்காரரின் தங்கை. அண்ணி பிடித்து வருவதைச் சந்தையில் உட்கார்ந்து விற்பவள். அவள் வாய்க்குப் பயந்து தராசே நேராக நிற்கும் என்பார்கள்.

நண்டுக்காரிக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. தையல்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தார். கம்பெனிமீது தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறாளாம். இனி எந்த அலுவலகத்திலும் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டாளாம். இதுவரை அவள் முகம் மாறவில்லை. அடுத்த வரி: 'இறங்கு தண்ணீரின் இழுப்பில் என் கயாக் கட்டுப்பாடின்றி அடித்து வரப்பட்டு, கம்பெனிப் படகின் பாதையில் குறுக்கிட்டதே விபத்துக்குக் காரணம் என்பதை முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்.'

"அந்த எறங்கு தண்ணிய இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

படித்தார்.

விபத்து நடந்து ஐந்து நாளில் அன்றுதான் அவள் சிரித்தாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு அல்ல. கணவருக்கு அந்தச் சிரிப்புத் தெரியும், கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

என்ன கோபம் என்று புரிய வேண்டுமானால் தொழில் புரிய வேண்டும். கழிமுகத்தில் கூடு போட்டு நண்டு பிடிப்பவர்கள் உண்டு, வலை விரிப்பவர்கள் உண்டு. கயாக்கில் போகிறவர்களுக்கு ஒரு சரடு, ஒரு மீன்தலை, ஒரு கைவலை, அவ்வளவுதான் முதல். அவளுடைய கயாக், ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அகலமே உள்ள பிளாஸ்டிக் ஓடம். வெயிலில் வெளுத்துவிட்டதென்று ஒரு சுற்றுலாக் கடைக்காரர் கழித்துப் போட்டதைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கினாள். சத்தம் போடாது. முக்கால் அடித் தண்ணீரில் மிதக்கும். அலையாத்தி வேர்களுக்குள் மூக்கை நுழைக்கும். அங்கே நிறுத்தி, சரடில் மீன்தலையைக் கட்டி இறக்கி, மறுமுனையை வலது கையின் மூன்று விரல்களில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மீனைப் போல நண்டு வெடுக்கென்று இழுக்காது. வாங்கும் எண்ணம் இல்லாமல் துணிக்கடைக்கு வந்தவர்களைப் போலத் தொடும், விடும், தடவிப் பார்க்கும். பிறகு ஒரு கனம் வந்து உட்காரும். அது விரலின் உள்தோலுக்கு மட்டும்தான் தெரியும். கையுறை போட்டால் தெரியாது. சரடை ஓடத்தில் கட்டிவிட்டால் தெரியாது. கனம் உட்கார்ந்ததும், தூங்குகிற குழந்தையின் பிடியிலிருந்து பொம்மையை உருவுகிற பதத்தில் சரடை ஏற்ற வேண்டும். நண்டு பேராசைக்காரப் பிறவி, மீன்தலையை விடாது. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிழலாகத் தெரியும்போது இடது கை வலையை அடியில் கொடுத்துவிடும்.

இத்தனைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் சரடு சாயும்; எது நண்டின் கனம், எது நீரின் இழுப்பு என்று எந்த விரலாலும் சொல்ல முடியாது. ஏறு தண்ணீர் முடிந்து இறங்கு தண்ணீர் தொடங்குமுன் முக்கால் மணி நேரம் தண்ணீர் யோசித்துக்கொண்டு நிற்குமே, அதுதான் அவள் கடை திறந்திருக்கும் நேரம். இறங்கத் தொடங்கியதும் சரடைச் சுற்றி வைத்துவிட்டு, வரும் வழியில் பொடிமீனுக்குச் சின்ன வலை போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடுவாள். கயாக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் நடைமுறை. இறங்கு தண்ணீரில் சரடு போட்டாள் என்று அவளைச் சொல்வது, சமையல்காரரைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்காமல் சமைத்தாய் என்று சொல்வது போல.

அன்று காலை ஆறு இருபதுக்கு, அலையாத்தி வளைவில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. கூடையில் நாலு நண்டு. ஐந்தாவது கனம் விரலில் உட்கார்ந்திருந்தது. பறவை காட்டக் கூட்டிப் போகும் உல்லாசப் படகு முழு வேகத்தில் வளைவைத் திரும்பியது. அவள் கத்தினாள், எஞ்சின் அவளைவிடச் சத்தமாகக் கத்தியது. படகு கயாக்கின் மூக்கை உரசித் தள்ளிவிட்டுப் போனது. கவிழக்கூட இல்லை. அடியில் தொங்கிய சரடை மட்டும் படகின் விசிறி எடுத்துக்கொண்டது. மற்றதைச் சரடு எடுத்துக்கொண்டது.

மேனேஜர் போனபிறகு வீட்டில் மூன்று கட்சி ஆனது. தையல்காரர் கையெழுத்துப் போடு கட்சி. மருத்துவமனைக்கு இருந்ததெல்லாம் போய்விட்டது, கடை வாடகை இரண்டு மாதம் நிற்கிறது, தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள் என்பது அவர் வாதம். நாத்தனார் இன்னும் ஏற்றிக் கேள் கட்சி. ஒரு கொடுக்கு உடைந்த நண்டுக்கே சந்தையில் எவ்வளவு பேச்சு நடக்கிறது, அதுவாவது சட்டை உரிக்கும்போது கொடுக்கு மறுபடி முளைக்கிற ஜாதி, அண்ணிக்கு என்ன முளைக்கப் போகிறது என்று கேட்டாள். முதல் விலைக்கே தலையாட்டினால் தன்னைச் சந்தையில் யார் மதிப்பார்கள் என்பதும் அதில் ஒரு கவலை.

நண்டுக்காரி இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இடது கையால் கரண்டியைப் பிடித்து, பாதியை மடியில் சிந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நாளைக்கு ஒருத்தன் வந்து, இந்த ஆளு அளவெடுக்காம துணியில கத்திரி வைக்கிறவன்னு எழுதி நீட்டினா, கையெழுத்துப் போடுவீங்களா?"

தையல்காரர் நேர்மையான மனிதர். சற்று யோசித்தார். "எவ்வளவு குடுப்பான்?" என்றார்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நண்டுக்காரிக்கு வரவில்லை.

"பொய்தான் எழுதுறான், எழுதட்டும். தொழில் தெரிஞ்ச பொய்யா எழுதக் கூடாதா? என் வெரலையும் எடுத்துட்டு, எனக்குத் தண்ணி தெரியாதுன்னு என் கையாலயே எழுதி வாங்கணுமா அவனுக்கு?"

தையல்காரர் போய் மெஷினில் உட்கார்ந்தார். வெகுநேரம் மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மேனேஜர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அறுபதாயிரம். நாத்தனார் கண்ணால் அண்ணனுக்கு ஜாடை காட்டினாள்: பார்த்தாயா, ஏறுகிறது. ஆனால் மேனேஜர் பேசப் பேசத்தான் அவ்வளவு அவசரம் ஏன் என்று வெளியே வந்தது. துறைமுக அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது. கட்டுப்பாடில்லாத கயாக்கால் விபத்து என்று பாதிக்கப்பட்டவளே எழுதிக் கொடுத்தால், அலையாத்தி வளைவில் கயாக் நுழையவே தடை வந்துவிடும். வளைவு முழுக்கக் கம்பெனிக்கு. இதை அவர் இப்படிச் சொல்லவில்லை. எல்லோருடைய பாதுகாப்புக்கும் நல்லது என்று சொன்னார். பாதுகாப்பு என்ற சொல்லைத் தேன் தடவிச் சொன்னார்.

"அக்கா, நான் உங்க தம்பி மாதிரி சொல்றேன். இந்தக் கையோட இனிமே தண்ணிக்கா போகப் போறீங்க?"

"கை என்னுது" என்றாள் நண்டுக்காரி. "தண்ணி எப்ப உங்களுது ஆச்சு?"

மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்தார். நாத்தனார், நறுக்காமல் வைத்திருந்த ஆறு ஆப்பிளையும் அவர் கொண்டுவந்த அதே உறையில் போட்டு, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். அன்றோடு ஏற்றிக் கேள் கட்சி கலைந்தது.

மறுநாள் இரண்டு பெண்களும் துறைமுக அலுவலகத்துக்குப் போனார்கள். விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் சுவரில் நீர்மட்ட அட்டவணை தொங்கியது. அதை ஸ்கேலால் தொட்டுக் காட்டினார். விபத்து நாளன்று ஐந்து மணிக்கே நீர் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. ஆறு இருபதுக்கு நன்றாக இறங்கிக்கொண்டிருந்திருக்கும். அச்சில் இருக்கிறது, அவர் என்ன செய்வார்?

அது துறைமுக வாயிலின் தண்ணீர் என்றாள் அவள். வாயிலில் திரும்பிய தண்ணீர் உள்ளே வளைந்து வளைந்து அலையாத்தி வரைக்கும் வந்து திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். வாசலில் மணியடித்தால் பின்கட்டில் இருப்பவர் எழுந்து வர நேரமாகாதா? அதிகாரி, இதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

"இருக்கு சார். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அதே தண்ணி அதே நேரத்துக்கு வரும். வர்ற வியாழக்கிழமை பதினஞ்சாவது நாள். காலைல ஆறு இருபதுக்கு வளைவுக்கு வந்து நில்லுங்க. கண்ணால படிச்சுக்கலாம்."

அதிகாரிக்கு வியாழக்கிழமை வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று அவருக்கே நினைவு வரவில்லை. அங்கேதான் நாத்தனார் வேலைக்கு வந்தாள். அன்று மாலையும் மறுநாளும் அதற்கு மறுநாளும், சந்தைக்குக் கொண்டுபோகும் நண்டுக்கூடையோடு வந்து அலுவலக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் பிடித்துக் கொடுத்த நண்டுகள். அண்ணி படுத்தபிறகு அவற்றை விற்றுத்தான் அடுப்பெரிந்தது. கூடைக்குள் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிறாண்டுகிற சத்தம் பிரம்புக்கூடையில் நகத்தால் கீறுவது போல நாள் முழுக்கக் கேட்டது. அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நண்டு மட்டும், மூன்றாம் நாள், கட்டு அவிழ்ந்து அதிகாரியின் மேஜைக் கால்வரை நடந்து போனது. தானாக அவிழ்ந்ததென்று நாத்தனார் சத்தியம் செய்தாள். வியாழக்கிழமை வருவதாக அதிகாரி ஒப்புக்கொண்டார்.

அதிகாரியைப் பிளாஸ்டிக் ஓடத்தில் ஏற்ற முடியாது, அவர் சௌகரியத்துக்குக் கம்பெனிப் படகையே தருகிறோம் என்று மேனேஜர் முன்வந்தார். அதே படகு. அதே டிரைவர், நாற்பது வயதுக்காரர், அன்று விரல்களை ஈரத் துணியில் சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் கண்ணில் படவில்லை. இப்போதும் அவள் ஏறுகையில் கைகொடுக்க நீட்டி, எந்தக் கையைப் பிடிப்பதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டார்.

படகு வாயிலைத் தாண்டும்போது தண்ணீர் கடலைப் பார்த்து விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதை அதிகாரிக்குச் சுட்டிக் காட்டினார். போகப் போக இழுப்புத் தளர்ந்தது. சதுப்பு மணம் வந்தது. வேர்களின் கழுத்துவரை நீர் நிறைந்த வளைவுக்குள் நுழைந்தபோது மணி ஆறு பதினெட்டு.

"எஞ்சின நிறுத்துங்க" என்றாள் நண்டுக்காரி.

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். எஞ்சின் நின்றது. நங்கூரம் போடவில்லை, கயிறு கட்டவில்லை. படகு கொஞ்சம் தள்ளிப் போய், பிறகு போவதை மறந்துவிட்டது. தண்ணீரில் விழுந்து கிடந்த ஒரு பழுத்த இலை படகின் பக்கத்தில் அப்படியே இருந்தது. எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அதிகாரி தன் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். ஆறு இருபத்தொன்று.

"எந்த இழுப்புல சார் நான் அடிச்சிட்டு வந்தேன்?"

ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று மேனேஜர் தொடங்கினார். காற்று, மழை, மேற்கே அணையிலிருந்து திறந்துவிடும் நீர் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் மூன்றாவது காரணத்தில் இருந்தபோது டிரைவர் பேசினார். யாரையும் பார்த்துப் பேசவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார்.

"எறங்கு தண்ணி ஆரம்பிச்சதும் இவங்கெல்லாம் எந்திரிச்சுப் போயிருவாங்க சார். படகுத்துறைல மாட்டியிருக்கிற போர்டப் பார்த்தேன். அஞ்சு மணிக்கே எறங்கிருச்சுன்னு போட்டிருந்துச்சு. அப்ப வளைவு காலியா இருக்கும்னு நெனச்சுத்தான் முழுசா முறுக்கினேன். அந்த போர்டு வாசல் தண்ணிக்குன்னு எனக்கு யாரும் சொல்லல."

மேனேஜர், டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றார்.

நண்டுக்காரி டிரைவரைப் பார்த்தாள். பதினைந்து நாளாக அவர்மீது சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டாள். இப்போது திட்டினால் டிரைவர் வாயை மூடிக்கொள்வார், அது மேனேஜருக்கு உதவும் என்று தோன்றியதால் விழுங்கினாள், மன்னித்ததால் அல்ல.

"எழுதிக்கிட்டீங்களா சார்?" என்றாள் அதிகாரியிடம்.

அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எதை எழுதினார் என்பது ஐந்து வாரம் கழித்து, முத்திரை குத்திய உறையில் வந்தபோது தெரிந்தது. தையல்காரர் நின்றுகொண்டே படித்தார். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் நீர் நின்றிருந்தது என்று தெரிகிறது. கயாக் அடித்து வரப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. வளைவில் கயாக்குகளுக்குத் தடை தேவையில்லை. பெரிய படகுகள் மெதுவாகப் போகலாம். போகவேண்டும் என்றில்லை, போகலாம். டிரைவர் சொன்னது வாய்மொழியாக இருப்பதால் பதிவில் சேர்க்கப்படவில்லை. இரு தரப்பினரும் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்.

"ரெண்டு பேருமா?" என்றாள் நாத்தனார். "அண்ணி எதுல கவனமா இருந்திருக்கணும்? வெரல வீட்டுல வச்சிட்டுப் போயிருக்கணுமா?"

கம்பெனியிலிருந்து வேறொரு கடிதம் வந்தது. உடன்படிக்கை கையெழுத்தாகாததால் முன்பு பேசிய தொகை எதுவும் பொருந்தாது. டிரைவரை வேறு ஊர்ப் படகுத்துறைக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜருக்கு எதுவும் ஆகவில்லை. அவர் கவனமாக இருந்திருக்கிறார். படகுத்துறையில் அந்த நீர்மட்டப் பலகை மட்டும், எந்த இடத்துத் தண்ணீருக்கு என்ற விவரம் இல்லாமல், புதுச் சாயம் பூசிக்கொண்டு அப்படியே தொங்கியது.

தண்ணீர் மிஞ்சியது. அது சின்ன விஷயம் இல்லை. வளைவில் பதினேழு கயாக் இப்போதும் போகிறது. ஆனால் தண்ணீர் மிஞ்சியதற்காக வாயைப் பொத்திக்கொள்ள நண்டுக்காரி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தையல்காரர் ஒரு நாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அளவு நாடாவோடு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மணிக்கட்டை அளந்தார், முழங்கைவரை அளந்தார், ஆறிய தழும்பைத் தொடாமல் உள்ளங்கையை மூன்று தடவை அளந்தார். தார்ப்பாய்த் துணியில் இரட்டைத் தையல் போட்டு ஒரு பட்டை தைத்தார். அதில் கைவலையின் கம்பைச் செருகி முழங்கையோடு கட்டிக்கொண்டால், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கிற கை வலையைப் பிடித்துவிடும். "இறுக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். அதற்குள் எதற்கோ திரும்பிக்கொண்டார்.

வலையை வலது கை ஏற்றுக்கொண்டது. சரடு இடது கைக்கு வந்தது. சிக்கல் அங்கேதான். இடது விரல்கள் நல்ல விரல்கள்தான், ஐந்தும் இருக்கின்றன. ஆனால் பதினோரு வருஷம் வலையைக் கொடுத்தே பழகியவை. தொடுவது எது, உட்கார்ந்த கனம் எது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. சீக்கிரம் ஏற்றிவிடும், நிழலாகத் தெரிகிற நண்டு, அவள் கண்ணெதிரே மீன்தலையை விட்டுவிட்டு நிதானமாகக் கீழே போகும். முதல் நாள் அப்படிப் போனதைப் பார்த்து அவள் தண்ணீரைக் கையால் அடித்தாள். இரண்டாம் நாளிலிருந்து நழுவிய நண்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

கரைக்கு வந்ததும் நாத்தனாரிடம் சொல்வாள், நாத்தனார் எழுதுவாள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைக் கம்பெனி தரவேண்டிய பாக்கியாகக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்பாள். டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். முதல் தடவை மேனேஜர் வெளியே வந்து, இது என்ன தமாஷ் என்று கேட்டார். இதற்கெல்லாம் காசு கொடுக்க முடியாது என்றார்.

"காசு யாரு கேட்டா? நண்டா குடுங்க. உயிரோட இருக்கணும், ரெண்டு கொடுக்கும் இருக்கணும். எறங்கு தண்ணில புடிச்சத எங்க அண்ணி வாங்க மாட்டாங்க."

இதில் நண்டுக்காரி ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தாள். பழைய கையிலும் தினம் இரண்டு நழுவும். எந்தக் கைக்கும் நழுவும். அதைக் கம்பெனி தலையில் கட்டக் கூடாது, கழித்துவிட்டு எழுது என்றாள். அவனா கழித்தான் உன் கணக்கில் என்று நாத்தனார் சண்டை பிடித்துப் பார்த்தாள். நடக்கவில்லை.

இன்று காலை வெயில் ஏறுமுன் கயாக் கரை தட்டியது. நாத்தனார் கூடையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். தையல்காரர் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான் கம்பெனிக்கு ஒதுக்கியவை. நண்டுக்காரி ஓடத்திலிருந்து இறங்காமலே சொன்னாள், அவள் எழுதினாள்:

பிடித்தது ஏழு.
நழுவியது பதினொன்று. அதில் வழக்கமான கழிவு இரண்டு.
கம்பெனி தரவேண்டியது ஒன்பது. முன்பாக்கி நூற்று எண்பத்தாறு.
ஆக நூற்றுத் தொண்ணூற்றைந்து நண்டு.
வரவு இல்லை.